வீட்டில் வீணைப் பதிவு: இடையிடையே ‘டிக்’ ஒலி வருகிறது, புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா?

தந்திநாதம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வீணை கற்பிப்பவள். கணினியில் கைப்பழக்கம் குறைவு. வெளியூர் மாணவர்களுக்குப் பாடங்களை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன். நான்கு ஆண்டு பழைய விண்டோஸ் மடிக்கணினி (ஐ5, 8 ஜிபி ராம்), யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி), குடத்தில் ஒட்டும் கான்டாக்ட் மைக், குரலுக்கு ஒரு மைக், ரீப்பர் மென்பொருள் ஆகியவையே என்னிடம் இருப்பவை.

காம்போதி ஆலாபனையில் தார ஷட்ஜத்தில் நின்று இழைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், நகத்தால் மேசையைத் தட்டினாற்போல ஒரு ‘டிக்’ பதிவாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் நான்கைந்து முறையாவது வருகிறது. அது போதாதென்று, சார்ஜரைச் செருகினால் அடியில் ஒரு ரீங்காரம் கேட்கிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஐ7, 32 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொல்கிறார். ஆனால் பதிவின்போது பிராசஸர் பயன்பாடு 20 விழுக்காட்டைக்கூடத் தாண்டுவதில்லையே, பிறகு எதற்காக அவ்வளவு பெரிய கணினி என்பதே என் ஐயம்.

ஒலிக்கூடம் எழுதியது:

உங்கள் ஐயம் சரியானது, அம்மா. கணினியின் வலிமைக்கும் இந்த ‘டிக்’ ஒலிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 128 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்), வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்) என்று வைத்திருந்தால், நொடிக்கு 375 முறை, அதாவது ஏறத்தாழ 2.7 மில்லிநொடிக்கு ஒரு முறை, கணினி ஒலித்துண்டு ஒன்றைக் கையாண்டு முடித்தாக வேண்டும். நம் மொழியில் சொன்னால் அது சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டுக்கு, வந்து சேருவதைப் போன்றது: எவ்வளவு வேகமாக ஸ்வரம் பாடினாலும் ஒரே ஓர் ஆவர்த்தனத்தில் சமம் தவறினால் சபைக்குத் தெரிந்துவிடும். சராசரிப் பயன்பாடு 20 விழுக்காடு என்பது அந்த ஒரு தவறலைக் காட்டாது.

தவற வைப்பது பெரும்பாலும் பின்னணியில் ஓடும் ஏதாவது ஒரு டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்)தான். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை நிறுவிக் கால் மணி நேரம் ஓட விடுங்கள்; எந்த டிரைவர் பிராசஸரை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று அது பெயரோடு காட்டும். முதலில் சோதிக்க வேண்டியது வைஃபை. பதிவின்போது அதை அணைத்துவிடுங்கள். அடுத்து, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யூஎஸ்பி கருவிகளை இடையில் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக அல்லாமல் நேரடியாகக் கணினியில் செருகுங்கள். ரீப்பரில் விண்டோஸின் பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவருக்கு மாறுங்கள். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990களில் இதற்காகவே வகுத்த முறை. ஒலி விண்டோஸின் மிக்ஸர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகச் சென்றுவிடும்.

நடைபேதம் எழுதியது:

மேலே நண்பர் கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 128 என்பதே உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். நான் மிருதங்கம் பதிவு செய்பவன். என் சொற்கட்டு ஹெட்ஃபோனில் சற்றே பிந்தி வந்தாலும் கை தடுமாறிவிடும். 512 சாம்பிளில் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று சேர்ந்தால் 21 மில்லிநொடி தாமதமாகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தை வைத்துப் பார்த்தால், நம் வாத்தியத்தையே ஏழு மீட்டர் தள்ளி யாரோ வாசிப்பது போல இருக்கும். அதற்காகவே பலர் பஃபரைக் குறைத்துக் குறைத்துக் கணினியைத் திணற அடிக்கிறார்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, ரீப்பர் டிராக்கில் மானிட்டரிங்கை நிறுத்துங்கள். உங்கள் ஒலி கணினிக்குள் போய்வராமல் மைக்கிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். பிறகு பஃபரை 512, ஏன் 1024 என்று வைத்தாலும் காதுக்குத் தாமதம் தெரியாது, கணினியும் மூச்சுவிடும்.

எர்த்கம்பி எழுதியது:

ரீங்காரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சார்ஜரின் மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா? அல்லது அந்தச் சுவர்ப் பெட்டியில் எர்த் இணைப்பே இல்லையா? பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பிறகு, மடிக்கணினி, ஸ்பீக்கர் அனைத்தையும் எர்த் உள்ள ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். சில காணொளிகளில் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்கிறார்கள். 230 வோல்ட்டில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். இன்வர்ட்டரில் ஓடும்போதும் இரைச்சல் வந்தால் அது சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். ஸ்குவேர் வேவ் இன்வர்ட்டரின் இரைச்சலை ரீப்பரில் சேர்க்கும் எந்த பிளக்இன்னாலும் (ஒலியைச் சீர்செய்யும் துணை மென்பொருள்) முழுமையாகத் துடைக்க முடியாது.

தந்திநாதம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு முனை அடாப்டர்தான் குற்றவாளி. அதை எடுத்துவிட்டு எர்த் உள்ள பெட்டிக்கு மாறியதும் ரீங்காரம் அடங்கிவிட்டது. வைஃபையை அணைத்ததும் ‘டிக்’ ஒலி பெருமளவு குறைந்தது. ஆனாலும் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்ததால் லேட்டன்சிமானை ஓட்டினேன். ஏசிபிஐ என்று தொடங்கும் ஒரு கோப்பு சிவப்பில் நின்றது. அது என்ன? கூடவே இன்னொரு கேள்வி: கடைக்காரர் சொன்ன 32 ஜிபி ராம் எனக்கு எதற்காவது உதவுமா?

ஒலிக்கூடம் எழுதியது:

ஏசிபிஐ என்பது மின் மேலாண்மைக்கான டிரைவர். மடிக்கணினிகளில் அது சிவப்பில் நிற்கக் காரணம் பெரும்பாலும் பேட்டரியில் எவ்வளவு மீதமுள்ளது என்று அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்கும் வேலையாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் பகுதியைத் திறந்து, கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி என்று முடியும் வரியைப் பதிவு முடியும்வரை டிஸேபிள் செய்து பாருங்கள். அந்நேரத்தில் சார்ஜ் குறைந்தால் கணினி எச்சரிக்காது என்பதால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். முடிந்ததும் மறவாமல் மீண்டும் எனேபிள் செய்துவிடுங்கள்.

ராம் பற்றிக் கேட்டீர்கள். பெரிய சாம்பிள் லைப்ரரிகளை (முன்பே பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்புகள்) ஏற்றி ஆர்கெஸ்ட்ரா அமைப்பவர்களுக்கு 32 ஜிபி தேவைப்படும். இரண்டு மைக் வைத்து வாசிப்பவருக்கு 8 ஜிபி போதும். கிராஃபிக்ஸ் கார்டால் ஒலிப்பதிவுக்கு எந்தப் பயனும் இல்லை. அதன் டிரைவரே பல கணினிகளில் லேட்டன்சிமானில் சிவப்பாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபிதான் ஆகும். ஆகவே செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், பதிவுகளை நகலெடுத்து வைக்க வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணத்தில் குரலுக்கு இன்னும் நல்ல மைக் ஒன்று வந்துவிடும்.