புதுப்பிப்பு: 11 பக்க வளையம் கூண்டாகும்

11 பக்க வளையங்களைக் கொண்டு மூடிய புரதக் கூண்டு (புரதங்கள் கூடி அமைக்கும் உள்ளீடற்ற உருண்டை) கட்டவே முடியாது, வடிவியல் இடம் தராது என்று முன்பு அடித்துச் சொல்லியிருந்தேன். தவறு. ட்ராப் (TRAP) என்ற வளைய வடிவப் புரதத்தால் கட்டி 2019இல் வெளியான கூண்டில் அப்படி 24 வளையங்கள் இருக்கின்றன. நம்பாமல் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஐந்து அண்டை வளையங்களோடு சேர்கிறது. கோணப் பிசகு கண்ணுக்கே தெரியவில்லை.

அங்கே பசை, தங்க அயனி. சிஸ்டீன் என்பது புரதத்தில் உள்ள, கந்தகம் கொண்ட அமினோ அமிலம்; இரு சிஸ்டீன்களின் கந்தகங்களுக்கு நடுவே ஒரு தங்கம், மொத்தம் 120. வளையத்துக்கு 11 சிஸ்டீன்; பிணைவது பத்துதான், ஒன்று பாவம், சும்மா நிற்கிறது. கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் அசையாத கூண்டு, குளுட்டதயோன் போன்ற ஒடுக்கும் பொருளை (எலக்ட்ரான் தரும் பொருள்) கண்டால் கலைந்துவிடுகிறது. செல்லுக்குள் குளுட்டதயோன் தாராளமாக இருக்கிறது. கூண்டில் மருந்தை ஏற்றி, செல்லுக்குள் போனதும் கலைந்து கொட்டவைக்கும் ஆசை அதனால்தான்.