முள்மரம் உங்களைக் குழப்பியதுண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

முட்காடன்:
வன்னியும் சீமைக்கருவேலும் கலந்து நிற்கும் ஒரு மேட்டில் ஒரு மரம் என்னை நன்றாகச் சுற்றவிட்டது. சிற்றிலை வன்னி மாதிரி பொடியாக, சாம்பல் பூத்த பச்சை. முள்ளோ சீமைக்கருவேல் நீளம். கூட வந்தவர் பார்த்தவுடனே "கலப்பு" என்று முடிவுகட்டிவிட்டார். நான் முள் எங்கே முளைக்கிறது என்று மட்டும் பார்த்தேன். வன்னிக்குக் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில், அடி அகன்று குட்டையாகச் சிதறியிருக்கும். சீமைக்கருவேலுக்குக் கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக. அந்த மரத்தில் கிளை கிளையாகத் தேடியும் கணுவை விட்டு வேறெங்கும் முள் இல்லை. ஆடு மேய்ந்து மேய்ந்து குறுகிப்போன சீமைக்கருவேல், அவ்வளவுதான். அதே மரத்தை வெட்டிவிட்டால் அடியில் துளிர்ப்பதற்கு இலை பெரிதாக இருக்கும். அதனால் இலையை மட்டும் நம்பி நான் பெயர் சொல்வதில்லை.

செம்மண்:
இலை சிறுத்த மரத்தில் முள் மட்டும் எப்படி அண்ணா நீண்டது?

முட்காடன்:
கடிபடுவதால்தான் தம்பி. கென்யாவில் அகாசியா டிரெபனோலோபியம் என்ற வேல மரத்தில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். மேய்ச்சல் படாத கிளைகளில் புதிதாக வரும் முள் குட்டையாகிவிடுகிறது.

நாற்றங்கால்:
முள்ளில்லாத சீமைக்கருவேல் ஒன்றின் நெற்றைப் பொறுக்கி நாற்று விட்டேன். வந்த கன்றுகளில் முள்ளுள்ளதும் இருந்தது, இல்லாததும் இருந்தது. இந்த மரத்தின் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. பக்கத்து முள்மரத்திலிருந்து தேனீ கொண்டுவருவதுதான் சேரும். தாயைப் போலவே வேண்டுமென்றால் தண்டை வேர்பிடிக்க வைக்கலாம், அல்லது ஒட்டுக்கட்டலாம்.

செம்மண்:
அப்போ இனம் விட்டு இனமும் கலக்குமா அக்கா?

நாற்றங்கால்:
கலக்கும், ஆனால் குரோமோசோம் கணக்கு குறுக்கே நிற்கும். வன்னி, சீமைக்கருவேல் எல்லாம் அடங்கிய புரோசோபிஸ் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு 28. சீமைக்கருவேலுக்கு 56. இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு 42, அது சரியாக ஜோடி சேராததால் விதை பிடிப்பதே கஷ்டம். 28-ம் 28-ம் சேர்வதில் அந்தத் தடை இல்லை. அர்ஜென்டினாவில் இதே கூட்டத்து இனங்களான ஃபிளெக்சுவோசாவும் சிலென்சிஸும் இயல்பாகவே கலக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் வெளியிலிருந்து போன கிளாண்டுலோசாவும் வெலுட்டினாவும் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாத காடாகப் பரவிவிட்டது. வன்னி விஷயம் வேறு. 2022-இல் புரோசோபிஸ் பேரினத்தையே பிரித்து, வன்னியை அதிலேயே வைத்து, சீமைக்கருவேலை நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு தூரத்து உறவு.

பிசின்:
சூடானில் வேலை பார்த்தபோது அரபிப் பிசின் தரும் அகாசியா செனகலை முள்ளை எண்ணித்தான் அடையாளம் கண்டேன். மூன்று மூன்றாக வரும், நடுமுள் கீழ்நோக்கி வளையும். அகாசியா மெல்லிஃபெரா என்ற மரத்துக்கு இரண்டிரண்டு. அதன்பின் லேட்டா என்ற மரத்தைக் காட்டினார்கள். இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு! சிற்றிலையின் அளவும் இரண்டுக்கும் நடுவில். கலப்பில் பிறந்ததாக இதை நெடுநாளாகக் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் உருவத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். அடிமரம் பெருத்த ஆப்பிரிக்கப் பாவோபாப் மரத்தில் சின்னப் பூ வைக்கும் மரங்களை 2012-இல் அடன்சோனியா கிலிமா என்று தனி இனமாக அறிவித்தார்கள். 2016-இல் இன்னொரு ஆய்வு அதைப் பழைய இனத்தோடேயே சேர்த்துவிட்டது.

வேலமுள்:
எனக்குக் கருவேலில்தான் தலைவலி. ஒன்று விரிந்து நிற்கிறது, பக்கத்திலேயே ஒன்று துடைப்பக்கட்டை மாதிரி நெட்டுக்குத்தாக. இரண்டின் நெற்றும் மணி கோத்தாற்போல. கலப்பா?

முட்காடன்:
இல்லை, கிளையினம், அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் பிரிவு. விரிந்தது இண்டிகா, நெட்டுக்குத்தாக நிற்பது குப்ரெசிஃபார்மிஸ்.

வேலமுள்:
இன்னொன்றும் இருக்கிறது அண்ணா. அதன் நெற்றில் இடுக்கே இல்லை, ஓரம் நேராக ஓடுகிறது.

முட்காடன்:
ஆப்பிரிக்கக் கிளையினங்கள் சிலவற்றுக்கு நெற்று அப்படித்தான். ஒரு நெற்றை வைத்துச் சொல்ல முடியாது. வெவ்வேறு கிளையில் நாலைந்து பறித்து, அளவுகோலோடு படம் போடுங்கள்.