மறு: இசைத்தட்டின் பின்பக்கத்து 'டப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில், எழுபதுகளில் லண்டனில் வந்த சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறு தட்டுகள்) பற்றிய கட்டுரைக்காக, 'டப்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். ஒரு பாட்டின் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மிச்ச இசையைத் தட்டின் பின்பக்கத்தில் தரும் வடிவம்தான் டப். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு, கடைசியில் என் பரிந்துரையையும் வைக்கிறேன்.

> டப் என்றே எழுதிவிடலாமே. லவ்வர்ஸ் ராக் என்பதை அப்படியே எழுதுகிறோம் அல்லவா?

ஐயா, லவ்வர்ஸ் ராக் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தென்கிழக்கு லண்டனின் பிராக்லியில் டென்னிஸ் ஹாரிஸ் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்தப் பெயர். பிறகு ரெகேயில் காதல் பாட்டு வகைக்கே அது பெயராகிவிட்டது. அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

டப் அப்படி இல்லை. தமிழில் அந்த ஒலியை டப்பிங் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. வேற்றுமொழிப் படத்துக்கு நம் ஆட்கள் குரல் கொடுப்பதுதான் நமக்கு டப். ரெகேயிலோ டப் என்பது குரலை எடுத்துவிடும் வேலை. நேர் எதிரான பொருளில் வாசகர் மனத்தில் ஊறிப்போன ஒரு சொல்லை வைத்துவிட்டு, கட்டுரை முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

> குரலிலி என்று வைக்கலாம். முதுகெலும்பிலி மாதிரி, சுருக்கமாக இருக்கும்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. முதலில் நானும் இதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது பொருந்தவில்லை. டப்பில் குரல் முழுக்கப் போய்விடுவதில்லை. பாட்டின் முதல் வரி வரும், அதன் கடைசிச் சொல் எதிரொலித்து எதிரொலித்துத் தேயும். அப்புறம் பேஸும் டிரம்ஸும் மட்டும். எங்கிருந்தோ கிட்டார் இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் போகும். ஒரு நிமிடம் கழித்துப் பாடகியின் ஒரே ஒரு மூச்சு. இதைக் குரலில்லாதது என்று எப்படிச் சொல்வது? மேலும், தொடக்கத்திலிருந்தே பாட்டு இல்லாத வெறும் வாத்திய இசையும் குரலிலிதான். டப் அப்படிப்பட்டதல்ல. முழுப்பாட்டாக இருந்து, பிறகு குறைக்கப்பட்டது அது.

அது தொடங்கிய விதமும் அப்படித்தான். அறுபதுகளின் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், டிரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரடி ரெட்வுட் என்பவருக்காக ஒரு தட்டு வெட்டும்போது குரல் தடம் விடுபட்டுப்போனது. ஸ்பானிஷ் டவுனில் நடன இரவுகள் நடத்தியவர் அவர். பாட்டுள்ள தட்டை முதலில் போட்டு, அடுத்து இதைப் போட்டார். கூட்டமே பாட்டைப் பாடியது. அதற்குப் பிறகு சிங்கிள்களின் பின்பக்கத்தில் பாட்டில்லாத வடிவத்தைப் போடுவது வழக்கமானது. இன்னொரு பாட்டைப் பதிவு செய்யும் செலவும் மிச்சம். பிறகு கிங் டப்பி என்ற ஒலிப்பதிவாளர் வந்து, ஒலிக்கலவை மேசையையே ஒரு வாத்தியம்போல வாசிக்கத் தொடங்கினார்.

லண்டனில் இந்தக் கலையை வளர்த்தவர்களில் எனக்கு முதன்மையானவர் டென்னிஸ் போவெல். பார்படோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 1979இல் ஜேனட் கே பாடிய 'சில்லி கேம்ஸ்' என்ற லவ்வர்ஸ் ராக் பாட்டு அவர் தயாரித்ததுதான். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1975இல், பள்ளி மாணவியான லூயிசா மார்க்கைத் தயாரிப்பாளர் லாயிட் காக்ஸோன் பாடவைத்த சிங்கிளிலிருந்துதான் லவ்வர்ஸ் ராக் வகையின் கதையைப் பொதுவாகத் தொடங்குவார்கள். இந்தத் தட்டுகளில் பல, கரீபிய மக்களின் சிறு கடைகளில் விற்றவை. அந்தக் கடைகளின் விற்பனை பெரும்பாலும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியல் கணக்கில் சேரவே இல்லை. அதனால்தான் இவற்றுக்குத் தமிழில் ஒழுங்கான பட்டியல் போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அந்தக் காலத் தட்டுகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் 'வெர்ஷன்' என்று மட்டும் அச்சடித்திருப்பார்கள். அதைப் பதிப்பு என்று எழுதினால் முதற்பதிப்பு, மறுபதிப்போடு குழம்பும். தட்டு சேகரிப்பவருக்கு அந்த வேறுபாடு உயிர். ஆகவே வடிவம் என்பதை எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு வினை வேண்டும் என்று தேடினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "அரிசியைக் களைஞ்சு வை" என்பார். அங்கேதான் எனக்குச் சொல் கிடைத்தது. களைந்த பின்னும் அரிசி அரிசிதான். மேலே இருந்தது போய்விட்டது, நீரில் கொஞ்சம் வெண்மை மிச்சம் இருக்கிறது. டப்பில் பாட்டுக்கு நடப்பதும் இதுதான். உடை களைதல் என்ற வழக்கும் இதற்குத் துணை நிற்கும்.

என் பரிந்துரை: களைவடிவம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. களைந்த வடிவம், களைகிற வடிவம் இரண்டும் அதில் அடங்கும். செயலைச் சொல்ல, பாட்டைக் களைதல். களைப்பு என்று மட்டும் ஆக்கிவிட வேண்டாம், அது சோர்வாகிவிடும். வயல் களை நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ஆனால் வடிவம் என்பதோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

டப்பிளேட்டை இதில் சேர்க்கக் கூடாது. அது நடன இரவுக்காக ஒற்றைப் படியாக வெட்டும் மென்மையான தட்டு. சில பத்து முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும். அங்கே டப் என்பதற்குப் படியெடுத்தல் என்று பொருள். அதற்குத் தனித்தட்டு போதும் என்பது என் எண்ணம். தனி இழையில் பேசுவோம்.

பட்டியலில் பதிவு இப்படி வரும்:

12 அங்குலம், 45 சுற்று. முன்பக்கம்: பாட்டு, இடைவெளியின்றித் தொடரும் களைவடிவம். பின்பக்கம்: வேறு பாட்டு, அதன் களைவடிவம்.

7 அங்குலம், 45 சுற்று. முன்பக்கம்: பாட்டு. பின்பக்கம்: களைவடிவம்.

சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்து, நாக்கில் எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள்.