பத்து சதவீத வரி நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மூனிக்கிலிருந்து, கேள்வி கேட்பவர்:

வணக்கம். ஜெர்மனிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளாகச் சொந்தமாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறேன். வரிக்குரிய வருமானம் 70,000 யூரோவை நெருங்கியதும், அதற்கு மேல் வருவதில் 42 சதவீதம் வரியாகப் போய்விடுகிறது. மருத்துவக் காப்பீடு தனி. பல்கேரியாவில் 10 சதவீதம்தான், சைப்ரஸில் பங்காதாயத்துக்கு வருமான வரியே இல்லை என்றெல்லாம் காணொளிகளில் சொல்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் எல்லாருமே ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் என்பது ஐந்தாறு காணொளிகள் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னுடையது இந்தியக் கடவுச்சீட்டு. மனைவி வேலைக்குப் போகிறார், மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்களைப் போன்ற நிலையில் இடம்பெயர்ந்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சோஃபியாவிலிருந்து:

தம்பி, நான் இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பத்து சதவீதம் உண்மைதான். 2008 முதல் எல்லாருக்கும் ஒரே விகிதம், எவ்வளவு சம்பாதித்தாலும் படிநிலை கிடையாது. சம்பளத்தில் காப்பீட்டுக்காக ஏறத்தாழ 14 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நல்ல சம்பளக்காரருக்கு அந்த உச்சவரம்புதான் பெரிய லாபம். காணொளிக்காரர்கள் ஏனோ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. எனக்கு வேலை கொடுத்த நிறுவனமே நீல அட்டைக்கு (ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் உயர்திறன் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி) ஏற்பாடு செய்ததால் நான் தப்பித்தேன். 'நானே ஒரு நிறுவனம் தொடங்குகிறேன், அதன் உரிமையாளராகக் குடியிருப்பு அனுமதி கொடுங்கள்' என்று கேட்டால், பல்கேரியர் பத்துப் பேருக்கு முழுநேர வேலை கொடுத்திருக்க வேண்டும் என்பார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் இங்கே வந்து பதிவு செய்துகொண்டு மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம். நமக்கு அந்த வழி இல்லை. எனக்குத் திருமணச் சான்றிதழ் ஒன்றுக்கே மூன்று மாதம் பிடித்தது. திருச்சியில் வாங்கி, வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை பெற்று, இங்கே வந்த பின் பல்கேரிய மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டியிருந்தது.

ஒரு சிரிப்பான சம்பவம். முதல் வீடு பார்க்கப் போனபோது, வாடகையில் 50 யூரோ குறைப்பீர்களா என்று உரிமையாளரிடம் கேட்டேன். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மகிழ்ச்சியோடு வந்து பெட்டிகளைக் கட்டினேன். ஒப்பந்தத்தில் பழைய தொகையே இருந்தது. இங்கே மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை' என்று பொருள், பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்'. நம் தலையாட்டலைப் பார்த்து எத்தனை பேர் நான் சம்மதித்துவிட்டதாக நினைத்தார்களோ!

வீட்டு ஜன்னலைத் திறந்தால் வித்தோஷா மலை தெரியும். ஆனால் குளிர்காலத்தில் புகைமூட்டம் வந்து பல நாட்கள் அதை மறைத்துவிடும். மகளுக்கு மூச்சுத் தொந்தரவு ஏதேனும் இருந்தால் முடிவெடுக்கும் முன் ஒருமுறை ஜனவரியில் வந்து பாருங்கள். மே மாதத்தில் வந்தால் எல்லாம் சொர்க்கமாகத்தான் தெரியும்.

லிமசோலிலிருந்து:

சைப்ரஸ் பற்றி நான் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு 17 ஆண்டுகள் வரை பங்காதாயத்துக்கும் வட்டிக்கும், இங்கே வருமான வரிக்குப் பதிலாக வசூலிக்கும் சிறப்பு வரியும் இல்லை. மருத்துவத் திட்டத்துக்கு 2.65 சதவீதம் மட்டும் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பங்காதாயம் வருகிற நிறுவனம் முதலில் லாபவரி கட்டும். 12.5 சதவீதமாக இருந்தது, 2026 முதல் 15.

ஆண்டில் 60 நாள் இங்கே இருந்தாலே சைப்ரஸில் வரி கட்டுபவராகக் கருதப்படலாம் என்று எல்லாரும் சொல்கிற '60 நாள்' விதியை நாங்களும் நம்பி வந்தோம். அது வரிக்கான விதி. இங்கே தங்குவதற்கான அனுமதியை அது தராது. நாங்கள் தொலைவழி வேலை செய்வோருக்கான விசாவில் வந்தோம். மாதம் 3,500 யூரோ நிகர வருமானம் காட்ட வேண்டும், கணவர் காட்டினார். அந்த விசாவில் துணைக்கு வேலை செய்யும் உரிமை இல்லை என்பதை நான் வந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். பதினொரு ஆண்டுகள் கணக்காளராக இருந்தவள், இரண்டு ஆண்டுகள் பால்கனியில் கறிவேப்பிலை வளர்த்தேன். அது நன்றாக வளர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வலி ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஏற்பாடு. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தம் ஜெர்மனியில் நடந்தபோது, சுற்றுலாப் பயணியைப் போல விசாவுக்கு வரிசையில் நின்றேன். உரிய தேதி கிடைக்கவில்லை. புகைப்படங்களில்தான் பார்த்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

என் தவறையும் பதிவு செய்கிறேன். எஸ்தோனியா 2014 முதல் வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற மின்குடியிருப்பு (e-Residency) என்ற மின்னணு அடையாள அட்டையை வாங்கினேன், அதை வைத்து அங்கே நிறுவனம் தொடங்கினேன். அங்கே லாபத்தை வெளியே எடுக்காத வரை வரி இல்லை என்பது சரியே. ஆனால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட வசிக்க முடியாது. வசிப்பது இங்கே என்பதால் என் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்கணக்கில் வரும். எல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆலோசகர் ஒருவர், வெளிநாட்டுப் பங்கையும் வங்கிக் கணக்கையும் கணக்குத் தாக்கலில் காட்டத் தேவையில்லை என்றார். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. திருத்திய கணக்கை உரிய காலத்துக்குள் தாக்கல் செய்ததால் பிழைத்தேன். அட்டை இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பாரிஸிலிருந்து:

மொனாக்கோவை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். நான் யாழ்ப்பாணத்தான், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து இருபது ஆண்டுகள். மொனாக்கோவில் வருமான வரி இல்லை, பிரெஞ்சுக்காரர்களைத் தவிர. 1963இல் போட்ட ஒப்பந்தப்படி நாங்கள் அங்கே குடியேறினாலும் பிரான்சுக்கே வரி கட்ட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உங்களுக்கு உதவுகிற ஒரே இடம் அதுதான் போலிருக்கிறது. வாடகையைக் கட்ட முடிந்தால் போய் வாருங்கள்!

போர்டோவிலிருந்து:

போர்ச்சுகல் பற்றிய பழைய காணொளிகளை நம்ப வேண்டாம். நான் 2022இல் வந்தேன், புதிதாகக் குடியேறுபவர்களுக்கான சலுகைத் திட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு 20 சதவீத வருமான வரிதான். என் நண்பர் 2024இல் வந்தார். அதற்குள் புதியவர்களுக்கு அந்தத் திட்டத்தை மூடியிருந்தார்கள். மாற்றாக வந்த திட்டத்தில் ஆராய்ச்சி, புதுமுயற்சி நிறுவனங்கள் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் இடமுண்டு, அவருடைய வேலை அதில் சேரவில்லை. ஒரே அலுவலகம், ஒரே வேலை. சம்பள நாளில் என்னிடம் பேச மாட்டார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

போகும் நாட்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். கிளம்புகிற நாட்டையும் கொஞ்சம் பாருங்கள். ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு இரண்டு வகை. சாதாரண வகை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும், பக்கத்து நாட்டில் இருந்தாலும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு என்ற இன்னொரு வகையில், ஒன்றிய நாடொன்றில் ஆறு ஆண்டுகள் வரை இருந்துவிட்டுத் திரும்பலாம். அதை வைத்து அந்த நாட்டில் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கவும் முடியும். என் மைத்துனர் முதல் வகையோடு போனார். எட்டாம் மாதம் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார்.

இன்னும் இரண்டு. உங்கள் தொழில் நிறுவனமாகப் பதிவாகியிருந்து, அதில் ஒரு சதவீதப் பங்காவது உங்களிடம் இருந்தால், கடந்த 12 ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் இங்கே இருந்தவரிடம் கிளம்பும்போது, விற்காத பங்கின் மதிப்பு உயர்வுக்கும் வரி கேட்பார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூனிக் வீட்டுச் சாவியையும் வைத்திருக்காதீர்கள். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கக்கூடிய வீடு இருந்தால், வரி விஷயத்தில் நீங்கள் நாட்டை விட்டுக் கிளம்பியதாகவே ஜெர்மனி கருதாது.

மூனிக்கிலிருந்து, கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. தொழில் என் சொந்தப் பெயரில்தான் இருக்கிறது, அந்த வரி இல்லை என்று பெருமூச்சு விட்டேன். பிறகு என் குடியிருப்பு அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் வகை! இரண்டாவது வகைக்கு விண்ணப்பிக்க முன்பதிவு கேட்டிருக்கிறேன். லிமசோல் அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சைப்ரஸ் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. சோஃபியா அண்ணா, ஜனவரி முதல் வாரம் மகளுக்குப் பள்ளி விடுமுறை. மூவரும் வருகிறோம். வாடகை பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், நான் தலையை அசைக்காமல் நிற்கிறேன்.