எஸ்எல்-1200 எம்கே2: எந்த ஹெட்ஷெல், எந்த கார்ட்ரிட்ஜ், எந்த ஊசி?

கீழவீதி_தஞ்சை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தந்தையார் 1984இல் ஊர் திரும்பியபோது வாங்கி வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் துணி போர்த்தியே கிடந்ததைச் சென்ற மாதம் எடுத்துத் துடைத்து ஓடவிட்டேன். மோட்டார் பழுதில்லாமல் ஓடுகிறது. தட்டின் விளிம்பில் உள்ள பெரிய புள்ளிகளின் வரிசை, வேகத்தைச் சரிபார்க்க உதவும் ஸ்ட்ரோப் விளக்கின் வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதால் வேகமும் சரியாக இருப்பதாகத் தெரிகிறது. ஊசியைத் தாங்கும் கையும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையின்றி நகர்கிறது.

சிக்கல் அதன் முனையில்தான். அப்பா பொருத்தியிருந்த கார்ட்ரிட்ஜின் (ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி) கேன்டிலீவர், அதாவது ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு, ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. அதைப் பிடித்திருக்கும் ரப்பரும் இறுகிப்போயிருக்க வேண்டும், ஏனெனில் ஊசியை இறக்கினால் அது கொஞ்சமும் தாழ்வதில்லை. இதற்கிடையே வலது பக்க ஒலி அவ்வப்போது நின்றுவிடுகிறது. கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லை இலேசாகத் தொட்டால் திரும்ப வருகிறது.

என்னிடம் இருநூறு இசைத்தட்டுகள் உள்ளன. பாதிக்கு மேற்பட்டவை 60களில் வெளிவந்த 45 சுழற்சி தமிழ்த் திரைப்பாடல் இ.பி.க்கள் (சிறிய தட்டுகள்), அனைத்தும் மோனோ, பலவும் பலமுறை ஓடித் தேய்ந்தவை. மற்றவை 70களின் இறுதியிலும் 80களிலும் வந்த ஸ்டீரியோ எல்.பி.க்கள் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள்). தாத்தாவின் காலத்து 78 சுழற்சி அரக்குத் தட்டுகளும் சில உண்டு. நான் விசாரித்த கடைக்காரர் ஒருவர், டெக்னிக்ஸின் மெல்லிய ஹெட்ஷெல்லை எறிந்துவிட்டு, தடித்த மரத்தாலோ கனத்த உலோகத்தாலோ செய்த விலையுயர்ந்த ஹெட்ஷெல்லை முதலில் வாங்குமாறு கூறினார். பழைய கார்ட்ரிட்ஜுக்குப் புது ஊசி மட்டும் வாங்கினால் போதுமா, ஹெட்ஷெல்லை மாற்றத்தான் வேண்டுமா, இந்தத் தட்டுகளுக்கு எந்த வகை ஊசி ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முள்ளும்_வரியும் எழுதியது:

வணக்கம் நண்பரே. அப்பாவின் டர்ன்டேபிளை மறுபடி ஓடவிட்டதற்கு மகிழ்ச்சி. எதையும் வாங்குவதற்கு முன்பு வலது பக்க ஒலி நிற்பதைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் குற்றமாக இராது. கையின் நுனியில் உள்ள வளையத்தைத் தளர்த்தி ஹெட்ஷெல்லை உருவிப் பார்த்தால், அதன் பின்புறத்தில் நான்கு சிறிய முனைகள் தெரியும். உங்களுடையவை மங்கிப் பழுத்த நிறத்தில் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அவற்றைத் துடையுங்கள். கைக்குள் இருக்கும் நான்கு முனைகளையும் அழுத்தாமல் துடையுங்கள். அவை உள்ளே ஸ்பிரிங் மேல் நிற்பவை என்பதால், ஒவ்வொன்றையும் குச்சியால் தொட்டு, அமுங்கி மீள்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பஞ்சு கறுப்பாக வந்தால் காரணம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஹெட்ஷெல்லின் கழுத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது விழுந்துபோயிருந்தால் ஹெட்ஷெல் இறுக உட்காராது, ஊசியின் தூரமும் மாறிவிடும்.

அடுத்து, கடைக்காரர் சொன்ன கனத்த ஹெட்ஷெல். இதில் அவருடன் நான் உடன்படவில்லை. காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் போன்றது. கையும் ஹெட்ஷெல்லும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து அதன்மேல் தொங்கும் எடை. இவ்விரண்டும் சேர்ந்தால் ஓர் இயல்பான அதிர்வெண்ணில் ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது. அதற்குக் கீழே இறங்கினால் தட்டின் நெளிவுகள் கையைத் தூக்கி ஆட்டும். மேலே ஏறினால் இசையின் அடித்தொனியில் குறுக்கிடும். 159ஐ, மொத்த நிறையையும் காம்ப்ளையன்ஸ் எனப்படும் நெகிழ்வையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைத்துவிடும்.

உங்கள் டர்ன்டேபிள் கையின் செயல்நிறை, அதாவது ஊசியின் இடத்தில் உணரப்படும் நிறை, அதனுடன் வந்த 7.5 கிராம் ஹெட்ஷெல்லையும் சேர்த்து, 12 கிராம். அதில் ஆர்ட்டஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜின் எடை 7.2 கிராம், திருகுகளுக்கு முக்கால் கிராம் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 20 கிராம் ஆகிறது. அதன் நெகிழ்வு 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, ஆகவே விடை 8 ஹெர்ட்ஸ். எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆனால் உள்ளே நிற்கிறது. அதே கார்ட்ரிட்ஜை 12 கிராம் ஹெட்ஷெல்லில் மாட்டினால் நிறை நாலரை கிராம் கூடி, விடை 7.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் கிடந்து நெளிந்த தட்டுகளை ஓட்டுவோருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

கனத்த ஹெட்ஷெல்லுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவாகி 60களிலிருந்து இன்றுவரை செய்யப்பட்டுவரும் டெனான் டிஎல்-103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜ் அத்தகைய எடையை வரவேற்கும். ஆனால் அது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும் மூவிங் காயில் வகை (ஊசியோடு கம்பிச்சுருள் அசைவது). அதற்குத் தனி முன்பெருக்கி வேண்டும், ஊசி தேய்ந்தால் வீட்டில் மாற்றவும் முடியாது. முதல் கார்ட்ரிட்ஜாக உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நெகிழ்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய நிறுவனங்கள் பல அதை 100 ஹெர்ட்ஸில் அளந்து அச்சிடுகின்றன. மேற்படி கணக்குக்கு 10 ஹெர்ட்ஸில் உள்ள அளவு வேண்டும் என்பதால், அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில் நீள்வட்ட ஊசியுள்ள விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு அச்சிலுள்ள எண் 7. அதை 13 என்று கொண்டு, 6.1 கிராம் எடையுடன் கணக்கிட்டால் உங்கள் கையில் 10 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அந்தக் கைக்கு இதைவிடப் பொருத்தமானதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வைகைக்கரை_ஒலி எழுதியது:

முன்னவர் கையின் பக்கத்திலிருந்து பேசினார். நான் தட்டின் பக்கத்திலிருந்து பேச விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் தொகுப்பைப் போன்ற ஒன்றோடுதான் நானும் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறேன்.

ஏஞ்சல், கொலம்பியா, ஓடியன் முத்திரைகளோடு வந்த அந்த இ.பி.க்கள் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பூட்டிய சிறிய பெட்டிப் பிளேயர்களில், இன்றைய அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் ஓடியவை. ஊசி தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியிருப்பார்கள். அத்தட்டுகளின் வரிப்பள்ளத்துச் சுவர் முழுவதும் தேய்வதில்லை. அக்காலத்து ஊசி உராய்ந்த உயரத்தில் மட்டுமே தேய்ந்திருக்கும். வேறு உயரத்தில் தொடும் ஊசியைக் கொண்டுவந்தால், தேயாத சுவரிலிருந்து பாடல் தெளிவாக எழுவதைக் கேட்கலாம். என்னிடமிருந்த ஒரு தட்டில், பாடகி உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரத்துக் கிழியும். அதைத் தூக்கிப் போடவிருந்த வேளையில், மிக நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலைன் ஊசியில் ஓட்டிப் பார்த்தேன். பின்னணி இரைச்சல் குறையவில்லை, ஆனால் அந்தக் கிழிசல் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

எல்லாத் தட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. பழைய மோனோ வரிப்பள்ளம் 25 மைக்ரான் முனைக்காக வெட்டப்பட்டது. ஸ்டீரியோவுக்கு வழக்கமான உருண்டை முனை 18 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. சிறிய முனை அகலமான பழைய பள்ளத்தின் அடிவரை இறங்கிவிட்டால், அங்கே தேங்கிய அழுக்கைத்தான் பாடும். ஆகவே சில தட்டுகளுக்கு நுண்ணிய முனையும், சிலவற்றுக்கு 25 மைக்ரான் உருண்டை முனையும் ஏற்றதாக அமையும். முன்னவர் சொன்ன விஎம்95இன் உடல் ஒன்றே; அதில் உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று எந்த முனை வடிவ ஊசியையும் விரலால் இழுத்துக் கழற்றி மாற்றலாம். ஆர்ட்டஃபோன் ஓஎம் வரிசையிலும் அப்படியே. மோனோவுக்கான 25 மைக்ரான் ஊசியும் அதில் கிடைக்கிறது.

ஊசியின் ஆயுளையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகா தன் ஊசிகளுக்குக் கூறும் கணக்கு, நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், உருண்டைக்கு 500, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1000. ஓர் எல்.பி.யின் இரு பக்கங்களுக்கும் நாற்பது நிமிடம் என்று கொண்டால், 300 மணி நேரம் என்பது 450 முறை. ஒரு நாளைக்கு இரண்டு எல்.பி. கேட்பவருக்கு எட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். மைக்ரோலைனின் விலை முதலில் மலைப்பைத் தந்தாலும், மணிக்கணக்கில் வகுத்தால் அந்த மலைப்பு பெரிதும் குறைந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: அசல் ஹெட்ஷெல்லை எறியாதீர்கள், அதே எடையில் இன்னொன்று வாங்குங்கள். ஒன்றில் ஸ்டீரியோ எல்.பி.க்கான கார்ட்ரிட்ஜ், மற்றொன்றில் இ.பி.க்கான கார்ட்ரிட்ஜ். கழுத்து வளையத்தைத் திருகினால் அரை நிமிடத்தில் மாறிவிடலாம் என்பதுதான் இந்தக் கையின் பெரிய வசதி. இரண்டின் எடையும் நெருங்கியிருந்தால், கையின் பின்முனையில் உள்ள சமன் எடையான கவுன்டர்வெயிட்டைச் சிறிது தொட்டாலே போதும். மோனோ தட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருப்பதால், மேலும் கீழுமாக ஊசியை ஆட்டும் தூசியின் ஒலி இரு பக்கமும் எதிரெதிராக வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒரு காசும் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது.

அரக்குத் தட்டுகளை இதில் ஓட்ட முயல வேண்டாம். எம்கே2இல் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. 78க்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனையும் வேண்டும். அந்தப் பள்ளத்தில் எல்.பி. ஊசியை இறக்கினால் ஊசியும் கெடும், தாத்தாவின் பாட்டும் கேட்காது. அவற்றை உறையிட்டு நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.

பழைய_பெல்ட் எழுதியது:

இருவரும் புதிய கார்ட்ரிட்ஜைப் பற்றியே பேசிவிட்டார்கள். அப்பாவின் கார்ட்ரிட்ஜையும் நான் ஒரே அடியாக ஒதுக்க மாட்டேன். ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னெட் வகையின் உடலுக்குள் இருப்பது கம்பிச்சுருள். அது எளிதில் கெடுவதில்லை. கெடுவது ஊசியும் அதன் ரப்பரும்தான். மல்டிமீட்டரில் இரு பக்கச் சுருள்களின் மின்தடையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உடல் உயிரோடு இருக்கிறது. ஜப்பானின் ஜிக்கோ போன்றோர் பல பழைய உடல்களுக்கு இன்றும் புது ஊசி செய்கிறார்கள். ஆனால் 'நாற்பது ஆண்டாகப் பிரிக்காத அசல் ஊசி' என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் முதுமையடையத்தான் செய்யும். அப்படியொன்றை நான் இணையத்தில் வாங்கினேன். முதல் தட்டிலேயே கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொட்டு உரசியது.

பொருத்தும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல ஊசியும் கோணல் பொருத்தத்தில் வீணாகும். கம்பிகளில் வெள்ளை இடது நேர்முனை, நீலம் இடது எதிர்முனை, சிவப்பு வலது நேர்முனை, பச்சை வலது எதிர்முனை. அவற்றின் நுனிக் கிளிப்பை இடுக்கியால் பிடித்துத் தள்ளுங்கள், கம்பியைப் பிடித்தால் அறுந்துவிடும். கார்ட்ரிட்ஜின் முனைகளில் நேரடியாக ஈயப்பற்று வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் மயிரிழைக் கம்பி அறுந்துவிடும்.

டெக்னிக்ஸின் அளவுப்படி, ஹெட்ஷெல் கழுத்து ரப்பரிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இணையத்தில் பலரும் இந்த அளவை விட்டுவிட்டு, 66 மற்றும் 120.9 மில்லிமீட்டர் ஆரங்களில் ஊசியின் கோணப் பிழை சுழியாகும் பேர்வால்ட் அமைப்புக்கு மாறச் சொல்வார்கள். எல்.பி. மட்டும் கேட்போருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் தொகுப்பில் பாதி இ.பி.; அவற்றில் பாடல் முடியும் இடம் மையத்திலிருந்து 54 மில்லிமீட்டர் அருகே வரை போகும். டெக்னிக்ஸின் 52 மில்லிமீட்டர் அமைப்பு, 60.3இலும் 117.4இலும் பிழை சுழியாகும் ஸ்டீவன்சன் அமைப்பை ஒட்டியது. உள்வட்டத்தில் அது குறைவாகவே பிழைக்கும் என்பதால், உங்களுக்கு அந்தப் பழைய அளவே பொருத்தம்.

ஊசி தட்டில் அழுந்தும் அழுத்தத்தைச் சிறிய மின்னணுத் தராசில் அளந்து வையுங்கள். கவுன்டர்வெயிட்டின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தட்டு தேயக்கூடாது என்ற ஆசையில் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அப்போது ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளிச் சுவரைக் கொத்தும். சரியான அழுத்தத்தைவிட அதுவே தட்டை அதிகம் கெடுக்கும்.

கீழவீதி_தஞ்சை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முனைகளைத் துடைத்தேன்; பஞ்சு கறுப்பாகத்தான் வந்தது. வலது பக்க ஒலி அதன்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பாவின் கார்ட்ரிட்ஜில் இடது சுருளுக்கு மல்டிமீட்டர் அளவு காட்டவே இல்லை என்பதால் அதை நினைவுக்காக எடுத்து வைத்துவிட்டேன்.

விஎம்95இன் உடல் இரண்டு வாங்கினேன். அசல் ஹெட்ஷெல்லில் மைக்ரோலைன் ஊசியும், அதே எடையில் வாங்கிய இன்னொன்றில் உருண்டை ஊசியும் பூட்டியிருக்கிறேன். 52 மில்லிமீட்டரில் நிறுத்தி, தராசில் 2.0 கிராம் வைத்தேன். எல்.பி.க்களுக்கு மைக்ரோலைன்தான் என்பதில் ஐயமே இல்லை. இ.பி.க்களில் இதுவரை ஓட்டிய பதினெட்டில் பதினொன்று மைக்ரோலைனிலும், ஏழு உருண்டையிலும் நன்றாக ஒலித்தன. எது எதற்கு என்று ஒவ்வொரு உறையின் மூலையிலும் பென்சிலால் குறித்து வருகிறேன். மோனோ பொத்தானை அழுத்தியதும் அம்மா அடுக்களையிலிருந்து எழுந்து வந்து, 'அப்பா போட்டபோது இப்படித்தான் கேட்டது' என்றார்.

வைகைக்கரை_ஒலி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. உருண்டையில் நன்றாக ஒலித்த அந்த ஏழு தட்டுகளையும் தனியே அடுக்கி வையுங்கள். பிறகு 25 மைக்ரான் ஊசி ஒன்று கைக்கு வந்தால், முதலில் சோதிக்க வேண்டியவை அவைதான்.