மறு: எமர்ஜிங் பேத்தஜன் – ‘எழுகிருமி’ சரிவருமா?

> ‘வளர்ந்துவரும் நோய்க்கிருமி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, நாம் தமிழ்ச் சொல் தேடுவது ‘எமர்ஜிங் பேத்தஜ’னுக்கு, அதாவது புதிதாகத் தலைகாட்டும் அல்லது பரவத் தொடங்கும் நோய்க்கிருமிக்கு. ‘வளர்ந்துவரும்’ என்பது நாடுகளுக்குச் சரி, கிருமிக்கு ஒத்துவராது. இறைச்சிக்கூடத் தொழிலாளர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கும்போது மாட்டிக்கொண்டேன். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜில் 4 டிகிரியிலும் பெருகும். அந்த வரி, "வளர்ந்துவரும் நோய்க்கிருமியான லிஸ்டீரியா குளிரிலும் வளர்ந்துவரும்" என்று வந்து நின்றது!

‘புதிய கிருமி’யும் பொருந்தவில்லை. லிஸ்டீரியாவை 1926-லேயே விவரித்துவிட்டார்கள். உணவு வழியாகவும் தொற்றும் என்று தெளிவானது 1981-இல், கனடாவில், முட்டைக்கோஸ் சாலட் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தபோது. கிருமி பழசு, நம் கண்ணில் பட்டதுதான் புதிது.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நச்சு வகையான ஓ157 வேறு மாதிரி. 1982-இல் அமெரிக்காவில் ஹாம்பர்கர் தின்றவர்களுக்கு ரத்தபேதி வந்தபோது பிடிபட்டது. மாட்டின் குடலில் இருக்கும், மாட்டை ஒன்றும் செய்யாது. தோலுரிக்கும்போது தோலில் ஒட்டிய சாணம் இறைச்சியில் பட்டால் போதும். அரைத்தால் உள்ளே வரை கலந்துவிடும். இறைச்சி ஆய்வாளர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் உண்டு. 1992-93-இல் அமெரிக்காவில் மறுபடி ஹாம்பர்கர் வழியாக இது பரவியதில் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1994-இல், அரைத்த மாட்டிறைச்சியில் இது இருந்தால் கலப்படம் என்று அங்கே அறிவித்தார்கள்.

எழுந்தது, எழுவது, இனி எழப்போவது மூன்றையும் ஒரே சொல்லில் பிடிக்க நம்மிடம் வினைத்தொகை இருக்கிறதே. ஊறுகாய் மாதிரி எழுகிருமி. அடங்கி மறுபடி வந்தால் மீளெழுகிருமி.

> எழுகடல் என்றால் ஏழு கடல். இது ஏழு கிருமி ஆகிவிடாதா?

நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2011-இல் அந்தக் கலப்படப் பட்டியலில் ஈ.கோலையின் இன்னும் ஆறு வகைகளைச் சேர்த்தார்கள். ஓ157-உடன் சேர்த்து ஏழு! தப்பாகப் படித்தாலும் கணக்கு இடிக்காது.

அது கிடக்கட்டும். எழுஞாயிறு என்றால் யாரும் ஏழு சூரியனைத் தேடுவதில்லை. ஆனால் கத்தி பிடிக்கிறவர் கையில் போகும் கையேடு இது. அதனால் முதலில் வரும் இடத்தில் ‘தலையெடுக்கும் நோய்க்கிருமி (எழுகிருமி)’ என்று போடுகிறேன். சோதனைக்கு எடுக்கும் மாதிரிகளின் பதிவேட்டுத் தலைப்புக் கட்டத்தில் இடம் இல்லை, அங்கே எழுகிருமி மட்டும். ‘தலையெடு கிருமி’ என்றே வைக்கலாம் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.