பழைய சூப்பர்ப் வாங்கலாமா? நாளைக் காலைக்குள் பதில் வேண்டும்

சிங்கை_வாசி | இரவு 9.40
நண்பர்களே, அவசரம். ஸ்கோடா சூப்பர்ப் ஒன்று கோவையிலேயே கிடைத்திருக்கிறது. வெள்ளை நிறம், லெதர் சீட், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. ஐந்தரை லட்சம் சொல்கிறார்கள், ஐந்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர். காலை பத்து மணிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடுமாம். வாங்கலாமா, வேண்டாமா?

நெடுஞ்சாலை | 9.52
எந்த வருடம்? பெட்ரோலா டீசலா? மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது? எத்தனையாவது ஓனர்? நிறம் தவிர ஒன்றும் சொல்லவில்லையே சார்.

கியர்மாற்றி | 9.58
டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் ஊர் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடாகும், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போகும். 2013இல் ஸ்கோடாவின் தாய்க் குழுமமான ஃபோக்ஸ்வாகனே உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்து கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது.

பட்டறை_மூத்தவர் | 10.10
மாதம் நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய இழைகளைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. பதில் சொல்ல வருபவர்களும் பாதி தெரிந்துகொண்டு பயமுறுத்துகிறார்கள்.

கியர்மாற்றி தம்பி, டிஎஸ்ஜி என்பது ஒரே பெட்டி இல்லை. நீங்கள் சொல்வது டிக்யூ200, ஏழு கியர், உலர் கிளட்ச். அது தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான். இரண்டாம் தலைமுறை சூப்பர்பின் 1.8 பெட்ரோல் எஞ்சின் சரியாக 250 கொடுக்கும், அதனால் அதில் பொருத்தினார்கள். 2.0 டீசல் கொடுப்பது 320. அதில் வருவது ஆறு கியர், எண்ணெயில் முழுகிய கிளட்ச், எவ்வளவோ உறுதியானது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். அந்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் என்ன எஞ்சின் என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

சிங்கை_வாசி | 10.31
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போனது. 2014, டீசல், ஆட்டோமேட்டிக். டிஎல் நம்பர். ஆபீஸ் ஆறு கி.மீ. தூரம். மாதம் ஒருமுறை மதுரை. அப்பாவுக்கு முழங்கால் வலி, பின்சீட்டில் கால் நீட்டி உட்கார வசதி வேண்டும், அதற்காகத்தான் இந்த வண்டி.

நெடுஞ்சாலை | 10.36
டிஎல் நம்பரா! அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவு போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே மலிவாக விற்ற வண்டிகள் தெற்கே வந்தது இப்படித்தான். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் டெல்லி ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி) கைக்கு வராமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். அதையும் கூட்டினால்தான் உண்மையான விலை. ஆர்சியில் கடன் அடைமானம் நிற்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் இப்போதே பார்க்கலாம்.

அப்புறம், கி.மீ. எவ்வளவு?

ஹைப்ரிட்_அன்பன் | 10.44
தினம் ஆறு கி.மீ. போக எதற்கு டீசல்? எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். கொஞ்சம் பணம் சேர்த்து, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் பாருங்கள். டவுனில் பாதி நேரம் பேட்டரியிலேயே நகரும். பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை இருக்கும், அதில் தூசி அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கியர்மாற்றி | 10.49
இப்போது பங்கில் வருவதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று செய்யப்படாத, 2023க்கு முன்னால் வந்த பழைய பெட்ரோல் வண்டியை இப்போது யாராவது வாங்குவார்களா? டீசலுக்கு அந்தத் தலைவலியே இல்லை.

ஹைப்ரிட்_அன்பன் | 10.55
நான் தினமும் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

கியர்மாற்றி | 11.02
கொஞ்சமா? பழைய பெட்ரோல் கார்களில் ஆறேழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. ரப்பர் குழாய், சீல் எல்லாம் என்ன ஆகும் என்று ஐந்து வருடம் கழித்துச் சொல்லுங்கள்.

ஹைப்ரிட்_அன்பன் | 11.05
ஹைப்ரிடில் மிச்சமாவதோடு ஒப்பிட்டால் ஆறேழு சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டறை_மூத்தவர் | 11.09
எத்தனால் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் நாளைக் காலை பணத்தோடு போகிறார்.

2.0 டீசலில் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் திறக்க வேண்டி வரும். மாற்றிய பில் காட்ட முடியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்துப் போடுகிற செலவை விலையில் குறையுங்கள். விசிடிஎஸ் என்ற ஸ்கேன் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழைய பிழைக் குறியீடு பதிவானபோது இருந்த கி.மீ.யும் பெரும்பாலும் அதில் கிடைக்கும். மீட்டரில் 70,000 என்று காட்டி, குறியீட்டில் 1,40,000 இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஸ்கேன் ஒரேயடியாகச் சுத்தமாக வந்தாலும் சந்தேகப்படுங்கள், முந்தைய நாள்தான் யாரோ அழித்திருப்பார்கள்.

அடையாறு_கரை | 11.20
2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் நான் இப்படித்தான் ஒரு செடான் வாங்கி ஏமாந்தேன். பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். மூன்றாவது மாதம் ஒயரிங் ஒவ்வொன்றாகச் செத்தது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண், கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, இதெல்லாம் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அவசரப்படுத்தியதால் நான் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டேன்.

நிதானம் | 11.34
அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை. சூப்பர்பில் கால் நீட்ட இடம் தாராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சீட் தாழ்வு. என் அம்மாவுக்கும் முழங்கால் தேய்மானம்தான். உட்காரும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். நாளை அப்பாவையும் கூட்டிப்போங்கள். மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், மீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

நெடுஞ்சாலை | மறுநாள் காலை 11.15
என்ன ஆயிற்று சார்? கி.மீ. இன்னும் சொல்லவில்லை.

சிங்கை_வாசி | மறுநாள் மாலை 6.05
அட்வான்ஸ் கொடுக்கவில்லை. என்ஓசி இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். வேறு பார்ட்டி யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. அப்பா ஏறினார், இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அனைவருக்கும் நன்றி.

ஹைப்ரிட்_அன்பன் | 6.20
கேம்ரியிலும் ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்களேன்?

நிதானம் | 6.31
அதுவும் செடான்தானே. சீட் உயரம் இடுப்பு மட்டத்துக்குப் பக்கத்தில் வருகிற வண்டி எதையாவது பாருங்கள். அப்பா உயரம் எவ்வளவு?

நெடுஞ்சாலை | இரவு 9.02
கி.மீ.?